புதுமை இல்லாத விளையாட்டும் பெயர் தெரியாத நண்பனும்



சென்ற மாதம் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. தலைப்பை வாலிபர்களே தெரிந்தெடுத்தார்கள். உலகெங்குமுள்ள திரளான மக்கள் ஒரே வேளையில் இணையத்தில் கூடி ஆடுகிற பெரிய விளையாட்டுகள், தங்களுக்குக் கிடைக்கிற புகழுக்குத் தகுதியானவைதானா? அவற்றில் சொந்தமான புதுமை ஏதேனும் உண்டா? இதுவே கேள்வி.

ஆடாதவர்கள் குறை சொல்வார்கள், ஆடுகிறவர்கள் பரிந்து பேசுவார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். அன்று நடந்தது வேறு. எங்கள் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாக ஆடுகிறவர் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் திருவொற்றியூர்த் தம்பி. அவர்தான் முதலில் எழுந்தார். "எல்லாம் ஒரே கேம்தான் பாஸ்டர். பேருதான் வேற. ஒரு வாரம் ஆடுனா போதும், அதுல இருக்குறது எல்லாம் தெரிஞ்சிரும்" என்றார். "அப்புறம் ஏன்டா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுற?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆளுங்க இருக்காங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றுக்கொன்று பொருந்தாததுபோல் தோன்றும் இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துவைத்து, இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மூத்தவர்களுக்காக முதலில் சற்று விளக்கம். பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டு நேற்று முளைத்ததன்று. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 'மட்' என்னும் விளையாட்டை உருவாக்கினார்கள். அதில் படமே கிடையாது. திரையில் எழுத்து மட்டுமே ஓடும். வடக்கே போகவேண்டும் என்று ஒருவர் தட்டச்சு செய்தால், அவர் சென்று சேர்ந்த இடத்தின் வர்ணனை எழுத்தில் வரும்; அங்கே இன்னொருவர் நிற்கிறார் என்ற செய்தியும் வரும். அந்த இன்னொருவர், எங்கோ ஓர் அறையில் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் மெய்யான மனிதர். புதுமை என்றால் அதுதான் புதுமை.

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் அதன்மேல் போர்த்திய ஆடைகளே. 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாகச் சொன்னதற்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். வரைபடம் அழகானது, உலகம் விரிந்தது, ஆட்கள் பெருகினார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. ஒரு மிருகத்தை வீழ்த்து, புள்ளி சேர், ஒரு படி ஏறு, முன்னைவிட நல்ல வாளை வாங்கு, முன்னைவிடப் பெரிய மிருகத்திடம் போ. இந்த ஏணியை விட்டு இறங்கியவை மிகச் சிலவே.

நம் ராயபுரத்திலும் எண்ணூரிலும் அந்த விளையாட்டுகள் அதிகம் நுழையவில்லை. அவற்றுக்கு நல்ல கணினி வேண்டும், மாதச் சந்தா வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்தபின் நிலைமை மாறியது. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள், ஆயுதம் தேடுகிறார்கள், உயிர்பிழைக்கக்கூடிய வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் நிற்பவர் வெல்கிறார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஃப்ரீ ஃபயர் இதன் சிறிய வடிவம். ஐம்பது பேர், இன்னும் குறைந்த நேரம், விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும். துறை அறிந்தவர்கள் இவற்றை முன்சொன்ன வகையோடு சேர்க்கமாட்டார்கள். அங்கே நாம் கைப்பேசியை அணைத்தாலும் உலகம் தொடர்ந்து நடக்கும். இங்கே ஆட்டம் முடிந்தால் தீவும் முடிந்துவிடும். ஆயினும் நம் வீடுகளில் எழுகிற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் சேர்த்தே பேசுகிறேன்.

இந்தத் தீவுக் கதைதான் சொந்தச் சரக்கா? அதை வகுத்தவர் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர். 2000-இல் வந்த 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியத் திரைப்படத்திலிருந்து இந்த எண்ணத்தைப் பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய விளையாட்டு புகழ்பெற்ற அதே 2017-இல் ஃபோர்ட்நைட் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பப்ஜி நிறுவனம், தன் விளையாட்டைப் பிரதிசெய்ததாக ஒரு சீன நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. எங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று அது தந்த பட்டியலில், ஆயுதமாகப் பயன்படும் வாணலியும் ஒன்று! 2022-இல் ஃப்ரீ ஃபயர்மேலும் வழக்குப் பாய்ந்தது. கடன் வாங்கி வீடு கட்டியவர், தன் வீட்டின் சாயலில் பக்கத்து வீடு எழும்பியது என்று நீதிமன்றம் போன கதைதான் இது. பிரசங்கியின் புத்தகத்தை எழுதிய ஞானிக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திராது.

ஆகவே தம்பி சொன்ன முதல் பதில் சரியே. புதுமை குறைவு, புகழ் அதிகம்.

ஆனால் பிரியமானவர்களே, புதுமை இல்லாமை ஒரு குற்றமா? அதை நம் ஊரிலிருந்தே கேட்டுப் பார்ப்போம்.

வடசென்னையில் பிறந்தவருக்கு கேரம் பலகையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, நான்கு மூலையில் நான்கு குழி, ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர். நம் தாத்தா ஆடியதும் இதுவே, பேரன் ஆடுவதும் இதுவே. அனைத்துலக கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் உருவானது. சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான வியாசர்பாடி இளவழகி, 2008-இல் பிரான்சு நாட்டில் உலகச் சாம்பியன் ஆனார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான புதுவண்ணாரப்பேட்டை காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். அந்தப் பலகையில் எந்தப் புதுமையும் சேர்க்கப்படவில்லை. பத்தொன்பது காய் இருபதாகவும் இல்லை. புதுமையெல்லாம் ஆடுகிறவரின் விரலில் இருந்தது.

நாமும் வாரந்தோறும் அதே ஆராதனை முறைமையைத்தான் கையாளுகிறோம். அதே கீர்த்தனைகளைப் பாடுகிறோம். என் பிரசங்கத்தையும் பழையதென்று சிலர் சொல்லக்கூடும். பழையது என்பதற்காக எதையும் தள்ளிவிட முடியாது. தினமும் சாப்பிடுகிற சோற்றில் புதுமை என்ன இருக்கிறது?

அப்படியானால் கேரமுக்கும் இந்தப் பெரிய விளையாட்டுகளுக்கும் வேறுபாடு எங்கே? கேரம் பலகை யாரையும் கூப்பிடுவதில்லை. சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்தபடியே இருக்கும். இன்று நீ வரவில்லையே, வந்தால் ஒரு பரிசு உண்டு என்று நடு இரவில் அது செய்தி அனுப்புவதில்லை. மூன்று நாள் ஆடாமலிருந்தால் உன் வரிசை இறங்கிவிடும் என்று மிரட்டுவதில்லை. இணைய விளையாட்டுகளோ இதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றன. தினந்தோறும் உள்ளே வருகிறவருக்கு ஒரு சிறு பரிசு வைத்திருக்கின்றன. 'சீசன்' என்று சில வாரங்களை வகுத்து, அதன் முடிவில் அதுவரை ஏறிய படிகளிலிருந்து இறக்கிவிட்டு, மறுபடியும் ஏறச் சொல்கின்றன. ஆட்டம் பழையது, சட்டையும் தொப்பியும் துப்பாக்கியின் வண்ணமும் புதியவை. ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு அந்தச் சட்டையை விலைக்கு விற்பதுதான் அவர்களுடைய வருமானம். தன்னிடம் இல்லாத புதுமையை, தீராத புதுமை என்று காட்டி விற்கிறார்கள். இங்கேதான் புகழ் மிகையாகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது புகழ் ஒன்று உண்டு. அது திரள். லட்சம்பேர், கோடிப்பேர் ஒன்றாக ஆடுகிறார்கள் என்பது பெரும் பெருமையாகப் பேசப்படுகிறது. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்களைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் கண்டது எதிர்பாராதது. அத்தனை பெரிய கூட்டத்தின் நடுவே பலர் பெரும்பாலான நேரத்தைத் தனியாகவே கழித்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்குத் துணை ஆட்டக்காரர்களாக இருந்ததைக் காட்டிலும், வேடிக்கை பார்க்கவும் பார்க்கப்படவும் இருந்த கூட்டமாகவே இருந்தார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்துபோனவருக்கு இது புரியும். தோளோடு தோள் உரசும். ஆனால் யாருக்கும் யாரையும் தெரியாது.

புதுமையும் மிகை, திரளும் மிகை என்றால், "ஆளுங்க இருக்காங்க" என்று தம்பி சொன்னாரே, அந்த ஆட்கள் யார்? கோடிப்பேர் அல்லர். நான்கு பேர். காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நான்கு பேர். அந்த நால்வரைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்லவேண்டும்.

2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடைசெய்தது. அக்டோபர் 30 அன்று அந்த விளையாட்டு நம் நாட்டில் முழுவதுமாக நின்றது. பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பொதுமுடக்கக் காலம் அது. ஜெபக்கூட்டங்கள்கூடக் கைப்பேசியில்தான் நடந்தன. தடை வந்து சில வாரங்கள் கழித்து, காசிமேட்டில் படகு வேலை செய்பவரின் மகன் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஒரு ஜெப விண்ணப்பம் என்றார்.

அவரும் அவருடைய சித்தப்பா மகனும் எண்ணூரிலிருந்து ஒரு நண்பனும் சேர்ந்து ஆடுவார்களாம். அணிக்கு நான்கு பேர் வேண்டும். நான்காவதாக விளையாட்டுக்குள்ளேயே ஒருவன் வந்து சேர்ந்தான். நாக்பூர்க்காரன். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவான். ஏழெட்டு மாதம் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் நால்வரும் சேர்ந்தே குதித்தார்கள். இவருக்கு இந்தி கொஞ்சம் வந்தது. அவனுக்கு "மச்சி" வந்தது. ஆகஸ்டு மாதத்தில் அவனுடைய தாயாருக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப்பின் அவன் ஆடுவதைக் காட்டிலும் பேசுவதற்காகவே உள்ளே வந்தானாம். தீவில் இறங்கியதும் ஒரு வீட்டுக்குள் மூவரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். வட்டம் சுருங்கி எல்லாரும் தோற்றுப்போகும்வரை பேசுவார்கள். மறுபடி குதிப்பார்கள்.

பிறகு தடை வந்தது. "நம்பர் வாங்கிக்கணும்னு தோணவே இல்ல பாஸ்டர். தினமும் வருவான்ல" என்றார். மறு ஆண்டு ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பி வந்தபோது இவர் முதலில் தேடியது அவனைத்தான். கிடைக்கவில்லை. ஆனால் அவர் என்னிடம் வந்த அந்த நாளில் கேட்டது ஒன்றே. "அவங்க அம்மாவுக்கு என்னாச்சுன்னு தெரியல. ஜெபத்துல வச்சுக்குங்க. பேரு தெரியாது." நாங்கள் எங்கள் ஜெபக் குறிப்பேட்டில் 'நாக்பூர்த் தாயார்' என்று எழுதிக்கொண்டோம். அந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தத் தம்பியின் துக்கத்துக்கும் விளையாட்டின் புதுமைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. அந்தத் தீவு எவரிடமிருந்து கடன் வாங்கப்பட்டிருந்தாலும், வாணலி எவருக்குச் சொந்தமாக இருந்தாலும், அங்கே ஒருவன் தன் தாயைக் குறித்து அழ மூன்று பேர் இருந்தார்கள். பழைய பலகையைச் சுற்றி நான்கு பேர் உட்காருவதுபோலத்தான் அது. அது மிகைப்படுத்தப்பட்டதன்று, நாம் குறைத்து மதிப்பிட்டதே அதிகம்.

இதற்கு இன்னும் ஆழமான ஒரு சாட்சி நார்வே நாட்டில் உண்டு. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைகள் நாளுக்கு நாள் தளர்ந்துபோகும் பிறவி நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். விரல் அசைவுகள் மட்டும் மீந்திருந்த காலத்திலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிவந்தார். மகன் திரையின் முன் தனிமையில் வாழ்நாளைக் கழிக்கிறானே என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014-இல் அவர் 25 வயதில் மரித்தார். அவர் வைத்திருந்த வலைப்பக்கத்தில் தந்தை அந்தச் செய்தியை எழுதியபோது, முன்பின் அறியாத மனிதரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'இபெலின்' என்ற பெயரில் அந்த உலகில் நடமாடிய அவர் பலருடைய துயரங்களைக் கேட்டிருக்கிறார், ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைக்க உதவியிருக்கிறார். அவருடைய அடக்க ஆராதனைக்கு அந்தக் குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்து நின்றார்கள். அவர்கள் அதுவரை அவர் முகத்தை நேரில் கண்டதில்லை. 2024-இல் அவருடைய வாழ்வைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது.

அந்த உலகத்தை உண்டாக்கிய நிறுவனம் அந்த அன்பை உண்டாக்கவில்லை. நிறுவனம் கட்டியது ஏணி. ஏணியின் அடியில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களே அன்பை உண்டாக்கினார்கள்.

ஆகையால் இரவெல்லாம் ஆடலாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். தூக்கம் கெட்டுக் காலை வேலைக்குப் போகிறவர் கிரேனின் கீழே நிற்கிறார் என்பதை நான் அறிவேன். தகப்பனுடைய வங்கிக் கணக்கிலிருந்து சட்டைக்கும் தொப்பிக்கும் பணம் போன வீடுகளையும் அறிவேன். முகம் தெரியாதவரிடம் பிள்ளைகள் படமோ பணமோ பகிரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஏணி இழுக்கிற இழுப்பு வேறு. தோழமை அழைக்கிற அழைப்பு வேறு. இரண்டும் ஒரே திரையில் வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாக எண்ணித் திட்டுகிறோம். ஒன்றைப் பிடுங்கப் போய் மற்றதையும் பிடுங்கிவிடுகிறோம்.

சகரியா தீர்க்கதரிசி, மீட்கப்பட்ட எருசலேம் எப்படியிருக்கும் என்று காண்கிற காட்சி ஒன்று உண்டு. கோட்டையையோ பொன்னையோ அவர் அங்கே முதலில் காணவில்லை. கோல் ஊன்றிய கிழவரும் கிழவிகளும் வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதே வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுகிறார்கள். ஒரு நகரம் நலமாயிருக்கிறது என்பதற்குத் தேவன் காட்டும் அடையாளங்களில் ஒன்று, தெருவில் பிள்ளைகளின் விளையாட்டு.

நம் வீதிகளை நினைத்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழும்பியபின், வடக்கே நகர்ந்துவரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி நம் கரையைக் கடல் தின்றது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். பெரியவர்கள் கபடி ஆடிய மணல் இன்று பாறைகளின் அடியிலோ தண்ணீரின் அடியிலோ இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், பகல் ஷிப்டு முடித்தவர் உறங்கவேண்டும், பரீட்சைக்குப் படிக்கிறவர் படிக்கவேண்டும். அந்த வீட்டுப் பையன் எங்கே போவான்? பக்கத்துக்கு எட்டு கிலோமீட்டர் உள்ள ஒரு தீவு அவனுடைய கைக்குள் இருக்கிறது. ஏறத்தாழ ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் போகும் தூரம். அங்கே புல்வெளி உண்டு, கடற்கரை உண்டு, ஓட இடம் உண்டு. அது சொந்தக் கற்பனையா, பிரதியா என்று அவன் ஏன் கேட்கப்போகிறான்?

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று கேட்கிற நீங்கள், "யாரோடு ஆடினாய்?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பொய் வரலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு பெயர் வரும். பெயரைத் தொடர்ந்து ஒரு கதை வரும். அந்தக் கதையிலிருந்து உங்களுக்குத் தெரிந்துவிடும், பிள்ளையைப் பிடித்திருப்பது ஏணியா, தோழமையா என்று. ஏணி என்றால் மெதுவாக இறக்குங்கள். இரவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். தோழமை என்றால் அதற்கு வீட்டிலும் தெருவிலும் இடம் கொடுங்கள்.

வாலிபருக்கும் ஒன்று. புதுமை இல்லை என்று நீங்களே கண்டுகொண்டீர்கள். அப்படியானால் புதிய சட்டைக்குப் பணம் கொடுக்காதீர்கள். சீசன் முடிகிறதே என்று பதறாதீர்கள்; அது முடிவதே உங்களை மறுபடி ஏறவைப்பதற்குத்தான். உங்களோடு ஆடுகிறவரின் நலத்தை விசாரியுங்கள். நீண்ட நாள் பழகி நம்பிக்கைக்குரியவர் என்று தெரிந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி, அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவரைத் தேட முடியும்.

சபையாருக்கு ஒரு அறிவிப்பு. வருகிற சனிக்கிழமை முதல் மாலை ஆறு மணிக்கு ஆலய வளாகக் கூடத்தில் இரண்டு கேரம் பலகைகள் போடப்படும். ஒன்பது மணிக்கு விளக்கு அணைக்கப்படும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரலாம். அங்கே பிரசங்கம் இருக்காது. வாசலில் பத்து நாற்காலிகள் பெரியவர்களுக்காக இருக்கும். ஆடத் தெரியாவிட்டாலும் வந்து உட்காருங்கள். சகரியா கண்ட வீதியில் உட்கார்ந்திருந்த முதியவர்களும் வேறொன்றும் செய்யவில்லை.

கடைசியாக ஒன்று. விளையாட்டுக் குழுவில் ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். அவன் இல்லாமல் ஆட்டம் தொடங்க மனம் வராது. ஓர் இடம் காலியாக இருக்கும். நம் ஆராதனையோ எவர் வராவிட்டாலும் தொடங்கிவிடுகிறது. இந்த ஞாயிறு உங்கள் பக்கத்து இருக்கையைப் பாருங்கள். வழக்கமாக அங்கே அமருகிறவர் வரவில்லையென்றால், அவருடைய முழுப்பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருடைய எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்தமுறை அவர் வரும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளிலும் வீதிகளிலும் தங்குவதாக.

உங்கள் அன்பின் போதகர்